சிவப்புக் குள்ளனும் கறுப்புத் துணியும்

கட்யானா
9 பிப்ரவரி 1999

நோக்வேசிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். புருஷனைப் புதைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. நலமாக இருந்தால்தான் தப்பு.

கேள்விப்பட்டதை நேராகக் கேட்டுவிடுகிறேன். வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கடைக்காரி நோன்ட்சபா வாயைத் திறந்தாள். "உங்க மருமக அந்த மலை மேல ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருக்காளாமே, ஆம்பளைங்க கூட? என் தங்கச்சி மகன் அந்தப் பக்கம்தான் லாரி ஓட்டறான், அவனே சொன்னான்." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பைபிளைத் திறந்து அதற்குள் வைத்துக்கொண்டேன்.

கறுப்பு உடுத்தியவள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இது உனக்குத் தெரியாததா? உன் அம்மா உடுத்தினாள், நான் உடுத்தினேன். ஜனவரியில் மறுபடி அங்கே கிளம்பும்போது "பகல்ல உக்காந்து கணக்குப் போடற வேலைதான் அத்தை" என்றாய். நம்பி அனுப்பினேன்.

நோக்வேசி, அதாவது விடிவெள்ளி, என்று உனக்குப் பெயர் வைத்து இந்த வீட்டுக்குள் அழைத்தவள் நான். அந்த வாயாலேயே சொல்கிறேன். என் லுண்டி உன்னைப் பார்க்கத்தான் அந்த ரோட்டில் வண்டி ஓட்டினான். நீ வீட்டோடு இருந்திருந்தால் அந்தக் குடு மான் வேறு யார் வண்டிக்கு முன்னாலாவது பாய்ந்திருக்கும்.

வந்து இங்கே இரு. வழக்கத்தை மீறுவதென்றால், துக்கம் கழிக்கிற அன்றைக்கு அவன் பெண்டாட்டி என்று என் வாசலில் வந்து நிற்காதே.

மாரடேபே


சதர்லாந்து
24 பிப்ரவரி 1999

அன்புள்ள அத்தைக்கு,

கடைக்காரியின் தங்கை மகன் சொன்னது பாதி நிஜம். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன். ஆனால் நான் வெளியே இல்லை. பொழுது சாய்வதற்கு வெகு முன்பே தொலைநோக்கிக் கட்டடத்துக்குள் போய்விடுகிறேன், வெயில் வந்த பிறகுதான் வெளியே வருகிறேன். இருட்டில் கூரைக்குக் கீழே இரு என்கிறது வழக்கம். இருக்கிறேன். கட்யானாவில் எந்த விதவையும் என் அளவுக்கு உள்ளேயே கிடந்திருக்கமாட்டாள், அவர்களாவது ஒன்றுக்குப் போக வெளியே வந்திருப்பார்கள்.

கறுப்பையும் கழற்றவில்லை. டாக்ஸி வேனில் கடைசி சீட்டில்தான் உட்காருகிறேன். யாருக்கும் கை கொடுப்பதில்லை. இங்கே புதிதாக வந்த வெள்ளைக்காரப் பையன் கையை நீட்டிவிட்டு, நான் கொடுக்காததால் கோபம் என்று நினைத்து ஒரு வாரம் என்னைக் கண்டாலே ஒளிந்துகொண்டான்.

என்ன வேலை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். ஒரே ஒரு விண்மீனைப் பார்க்கிறேன். சூரியனைவிடச் சின்னது, சிவந்தது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக் குள்ளன் என்போம். அசுர வேகத்தில் தன்னைத்தானே சுற்றுகிறவன். நம் சூரியன் ஒருதரம் சுற்றி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும், இவனுக்கு எட்டு மணி நேரம் போதும். அவன் மேல் பெரிய பெரிய கறைகள் இருக்கின்றன. மற்ற இடத்தைவிடச் சூடு குறைந்த இடங்கள், அதனால் கறுப்பு. ஆனால் அந்தக் கறையை யாரும் கண்ணால் கண்டதில்லை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் அவன் ஒரு பொட்டு வெளிச்சம்தான். கறை நம் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, அந்தப் பக்கம் போனதும் கூடுகிறது. அந்தக் குறைச்சலை அளந்து எழுதுவதுதான் என் வேலை. என் பட்டமும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ரோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வெள்ளிக்கிழமை இங்கே வானம் மூடியிருந்தது. எனக்கு வேலையே இல்லை. நானே கீழே இறங்கி அவரிடம் போயிருக்கலாம். நீங்கள் சொல்வதற்கு முன்பே இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன், தினமும் சொல்லிக்கொள்கிறேன். அதனால் உங்கள் எழுத்து வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வலித்தது.

நோக்வேசி


கட்யானா
15 மார்ச் 1999

நோக்வேசி,

அந்தக் கூரை திறக்குமாமே. அதை ஏன் எழுதவில்லை? கெட்டிக்காரிதான் நீ.

உன் மாமனாரின் அண்ணனிடம் போய்க் கேட்டேன். பெரியவர் வாயிலிருந்து பைப்பை எடுத்தார். "கூரை தெறக்குமா? மழை பேஞ்சா என்ன பண்ணுவாங்க?"

"மூடிடுவாங்களாம்."

"அப்ப அது கூரை இல்ல, கொடை. கொடைக்குக் கீழ உக்காந்து எவளாவது துக்கம் காப்பாளா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு முதல் தடவை. சிரித்ததும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பெரியவரிடம் மன்றாடி ஒரு வழி வாங்கியிருக்கிறேன். தொலைநோக்கி இருக்கிற இடத்தில் நிற்காதே. பக்கத்தில் மிஷின் வைத்த சின்ன அறை இருக்கிறதாமே, அதன் கூரை திறக்காதாமே, அதற்குள் இரு. ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடாதே. உரக்கச் சிரிக்காதே. இதைச் செய்தால் யார் கேட்டாலும் நான் உன் பக்கம் நிற்பேன். நோன்ட்சபா இனி வாயைத் திறந்தால் அவள் கடையில் சர்க்கரை வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

உன் குள்ளனைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கறை எவ்வளவு நாள் இருக்கும்? தானாகப் போய்விடுமா?

இன்னொன்று. ஊரில் யாரும் இப்போது லுண்டி பேரை எடுப்பதில்லை. எடுத்தால் நான் அழுவேனாம். நான் உள்ளே வந்ததும் பேச்சை மாடு, மழை என்று திருப்பிவிடுகிறார்கள். அவன் பேரை எழுதுவதற்கு எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். நான் திட்டினாலும் பதில் எழுது.

மாரடேபே


சதர்லாந்து
20 ஏப்ரல் 1999

அன்புள்ள அத்தைக்கு,

சின்ன அறைக்குள்தான் இருக்கிறேன். பெரியவரிடம் சொல்லுங்கள், குடை இல்லை, நிஜமான கூரை, தகரமும் சிமெண்டும்.

சூரியன் மேல் வருகிற கறை சில வாரத்தில் போய்விடும். குள்ளன் மேல் வந்தது வருஷக்கணக்கில் நிற்கிறது. நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் இப்போது மங்கிக்கொண்டு வருகிறது.

அதனால்தான் அவசரப்படுகிறேன். இதை இங்கே இன்னும் யாரிடமும் உரக்கச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளிச்சம் குறைகிறது, ஆகவே எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று என்று எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். நானும்தான். ஆனால் நீங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கறுப்புப் போர்வை போர்த்திய பெண் ஒருத்தி அடிக்கடி ஜன்னலைக் கடந்து போகிறாள் என்று வையுங்கள். ஒரே பெண் வீட்டை வேகமாகச் சுற்றுகிறாள் என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டு பெண்கள் எதிரெதிரே மெதுவாகச் சுற்றினாலும் அப்படித்தான் தெரியும். குள்ளன் மேலும் இரண்டு கறைகள் எதிரெதிராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் அவன் சுற்று எட்டு இல்லை, பதினாறு மணி நேரம். இத்தனை வருஷம் எல்லாரும் அவனை இரண்டு பங்கு வேகக்காரன் என்று தப்பாக எழுதியிருக்கிறோம்.

இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் தெரிய வேண்டுமானால் முழுச் சுற்றையும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். எனக்கு இங்கே விடிந்துவிடும். அந்த நேரம் சிலியில் இன்னும் இருட்டு. அங்கே பெர்னார்தா என்று ஒருத்தி இருக்கிறாள், நான் விட்ட இடத்தில் அவள் பிடித்துக்கொள்வாள். ஜூலையில் ஒரு வாரம் தொலைநோக்கியை இருவருக்கும் ஒன்றாகக் கேட்டிருக்கிறோம். கறைகள் முழுக்க மங்கிவிட்டால் அவன் அடையாளமே இல்லாமல் சுற்றுவான், பிறகு யாராலும் என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

லுண்டிக்கு இதையெல்லாம் சொன்னால் தூங்கிவிடுவார். நீங்கள் இரண்டு தடவை படித்தீர்கள் என்றால் அவர் நம்பியே இருக்கமாட்டார்.

நோக்வேசி


கட்யானா
16 மே 1999

நோக்வேசி,

நாள் குறித்தாயிற்று. ஜூலை 17, சனிக்கிழமை. லுண்டியின் சித்தப்பன்மாருக்குச் சுரங்கத்தில் அப்போதுதான் லீவு. பெரியவர் மாடு தருகிறார். பீருக்கு நானே சோளம் ஊறப்போடுகிறேன், வேறு யார் கையையும் நம்பமாட்டேன்.

முதல் நாளே வந்துவிடு. கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார வேண்டும். மறுநாள் காலையில் உன் கறுப்பைக் கழற்றி எரிப்போம், குளிப்பாய், புதுத்துணி உடுத்துவாய். நீலத்தில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். தையல்காரி அளவு கேட்டாள். நீ மெலிந்திருப்பாய் என்று கொஞ்சம் குறைத்தே சொன்னேன். உண்மைதானே? அங்கே என்ன சாப்பிடுகிறாய், ரொட்டியும் டீயும்தானே?

பெரியவர் உன் தகரக் கூரையை ஒப்புக்கொண்டார். "சரி, பொழச்சுப் போகட்டும்" என்றார்.

மாரடேபே


சதர்லாந்து
29 மே 1999

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எனக்கும் பெர்னார்தாவுக்கும் கொடுத்த வாரம் ஜூலை 14 முதல் 20 வரை. அதே வாரம். மாற்றித் தரும்படி கேட்டேன், முடியாது என்றார்கள். ஒரே ஒரு வாரம் தள்ளிவைக்கச் சித்தப்பாக்களிடம் கேட்பீர்களா? உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நீலத் துணி என்று படித்ததும் அழுதேன்.

நோக்வேசி


கட்யானா
12 ஜூன் 1999

நோக்வேசி,

கேட்டேன். திட்டுத்தான் கிடைத்தது. "அவளுக்கு எங்க அண்ணன் மகனவிட வானத்துல இருக்கற கல்லு பெருசாப் போச்சா?" என்றான் இளையவன். கல் இல்லையடா, எரிகிற நெருப்பு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். உனக்காக நான் விண்மீன் பாடம் எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டேன் பார்.

லீவை மாற்ற முடியாது. பெண்டாட்டி இல்லாமல் புருஷன் துக்கத்தைக் கழித்தால் ஊர் என்ன பேசும்? அவளே அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று பேசும். அவனுக்குத் தலைநிமிர்வு தர இனி நீயும் நானும்தான் இருக்கிறோம். அவனா, உன் குள்ளனா, நீயே முடிவு செய்.

கடைத் தொலைபேசிக்கு அழைக்காதே. செம்புக்காகக் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடிதம்தான்.

மாரடேபே


சதர்லாந்து
28 ஜூன் 1999

அன்புள்ள அத்தைக்கு,

என் ஏழு இரவுகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் பார்ப்பது வேறு ஏதோ. பெர்னார்தா ஒரு வரிதான் எழுதினாள், அவள் பங்கைப் பார்ப்பாளாம். பாதிச் சுற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

என் பேராசிரியர் கேட்டார், "ஒரு சடங்குக்காகவா?" என்று. ஆமாம், என் கணவருக்காக என்றேன்.

16ஆம் தேதி சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். என்னைக் கூட்டிப்போக யாரும் வர வேண்டாம்.

நோக்வேசி


கட்யானா
4 ஜூலை 1999

நோக்வேசி,

இதைப் படித்துவிட்டு உன் வேலையைப் பார். கிளம்பாதே.

நேற்றே எல்லாம் முடிந்துவிட்டது. நான்தான் முடித்துவைத்தேன். உனக்கு உன் வாரம் கிடைக்கட்டும் என்றுதான். பெரியவரைப் பிடித்து உலுக்கினேன். "மாடு ரெடி, பீரு ரெடி, சுரங்கத்துக்காரங்க வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றேன். ஜனவரியில் நீ மறந்துவிட்டுப் போன கறுப்புப் போர்வையை உனக்குப் பதிலாக மாட்டுப்பட்டிக்குப் பின்னால் எரித்தோம். பாயில் நான் உட்கார்ந்தேன். மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குச் சொன்னேன். நோன்ட்சபா நம்பவில்லை, ஆனால் மூன்று சொம்பு பீர் குடித்தாள்.

இனி நீ கறுப்பு உடுத்த வேண்டியதில்லை. கூரை திறந்தாலும் மூடினாலும் கேட்பாரில்லை. உன் குள்ளனுக்கு எட்டா பதினாறா என்று கண்டுபிடித்து எழுது.

மாரடேபே


சதர்லாந்து
26 ஜூலை 1999

அத்தைக்கு,

உங்கள் ஜூலை 4 கடிதம் நான் திரும்பி வந்தபோது இங்கே எனக்காகக் காத்திருந்தது. என்னுடையது உங்களுக்கு எப்போது வந்ததோ, தெரியவில்லை.

இரண்டு நாள் வண்டி மாறி மாறி வந்தேன். வழியெல்லாம் என்ன நினைத்தேன் தெரியுமா? நாளைக் காலையில் எல்லார் முன்னாலும் என் பேரையும் அவர் பேரையும் சேர்த்துச் சொல்லுவார்கள், கடைசி ஒருதரம். அதற்காகத்தான் வந்தேன். வாசலுக்கு வந்தால் ஆள் இல்லை. பட்டிக்குப் பின்னால் தரை கருகிக் கிடந்தது. நீங்கள் வாளியோடு வெளியே வந்து என்னைப் பார்த்து, "ஏன்டி வந்தே? எல்லாம் முடிஞ்சு போச்சு, போ!" என்று கத்தினீர்கள். அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது. ஊரே குளித்து முடித்திருக்க, நான் ஒருத்தி மட்டும் கறுப்போடு நின்றேன்.

ராத்திரி சோளமும் பயறும் போட்டு முன்னால் வைத்தீர்கள். ஏன் முன்னாலேயே முடித்தீர்கள் என்று சொல்லவேயில்லை. காலையில் அந்த நீலத் துணியைக் காகிதத்தோடு நீட்டினீர்கள். நான் வாங்காமல் வந்தது திமிரால் இல்லை. எப்படி வாங்குவது? என்னிடமிருந்து யாரும் எதையும் கழற்றவில்லையே.

நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள் என்று இப்போது கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அத்தை. அவருக்கு நான் யார், போர்வையா?

நேற்று எனக்குக் கொஞ்ச நேரம் தொலைநோக்கி கிடைத்தது. குள்ளன் வெளிச்சம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கறைகள் மங்கிவிட்டன. எட்டா பதினாறா என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. டிசம்பரோடு என் உதவித்தொகையும் நிற்கிறது.

நோக்வேசி


கட்யானா
8 ஆகஸ்ட் 1999

என் மகளே,

நீ போன மறுநாள் உன் ஜூன் கடிதம் வந்தது. ஏழு இரவையும் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோன்ட்சபாதான் வந்து தண்ணீர் கொடுத்துத் தூக்கினாள், அந்தப் பாவி.

உன் குள்ளனைக் கெடுத்தவள் நான். அவனிடமாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம், அவன் நெருப்பு, அவனுக்கு ஒன்றும் தெரியாது. உனக்குச் செய்ததற்கு என்ன சொல்வேன்?

ஒரு பொய்யை மட்டும் சரிசெய்துவிடுகிறேன். உன் வாரத்துக்காக நாளை முன்னால் இழுத்தேன் என்று எழுதினேன். பெரியவரிடமும் அதையே சொன்னேன். அது இல்லை காரணம்.

நீலத் துணி தைத்து வந்த அன்று அதை விரித்துப் பார்த்தேன். நீ அதை உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. துணியை அப்படியே மடித்து வைத்துவிட்டேன் நோக்வேசி. நீ கறுப்பில் இருக்கிறவரை என் பையன் ஒருத்திக்குப் புருஷன். எங்கோ மலை மேல் ஒருத்தி அவனுக்காகக் கை கொடுக்காமல், சிரிக்காமல், கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நீ அதைக் கழற்றிவிட்டால் அவன் யாருக்கு யார்? எனக்குச் செத்துப்போன பிள்ளை, அவ்வளவுதான். அதை என் கண்ணால் பார்க்க முடியாது என்றுதான் உன் போர்வையை எரித்து அவசர அவசரமாக முடித்தேன். நீ வராமல் இருக்க வேண்டும் என்றே செய்தேன். வாசலில் உன்னை அதே கறுப்போடு பார்த்ததும் பயத்தில்தான் கத்தினேன். கோபத்தில் இல்லை.

பெரியவர் சொல்கிறார், "அவ இனி இந்த வீட்டுப் பொண்ணு இல்ல, எங்க வேணா போகலாம், யார வேணா கட்டிக்கலாம். நீ காயிதம் எழுதறத நிறுத்து." அவர் சொன்னது வழக்கம்தான். நான் நிறுத்தப்போவதில்லை.

நீ திரும்பி வரமாட்டாய் என்று தெரியும். நானே சதர்லாந்துக்கு வருகிறேன். பட்டர்வொர்த்தைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை, ஆனாலும் வருகிறேன். மாடும் வேண்டாம், பெரியவரும் வேண்டாம். என் கையாலேயே உனக்குக் கழற்றிவிடுகிறேன். முறையாக, லுண்டி பேரைச் சொல்லி. என்றைக்கு வரட்டும்?

மாரடேபே


சதர்லாந்து
21 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

இங்கே எல்லாரும் கேட்கிறார்கள், "வருஷம் முடிஞ்சதே, இன்னும் ஏன் கறுப்பு?" என்று. துவைக்கிறேன், காய்ந்ததும் மறுபடி உடுத்துகிறேன். முழங்கை கிழிந்துவிட்டது, தைத்துக்கொண்டேன். அவர் சித்தப்பன்மார் ஆயிரம் மாட்டை அறுத்தாலும் அது என் மேல்தான் இருக்கிறது.

வாருங்கள், ரயிலடியில் நிற்கிறேன், எந்த ஊரில் எந்த வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வராதீர்கள் அத்தை. நீங்கள் வந்தால் கழற்ற வேண்டியிருக்கும். என்னாலும் முடியாது. இன்னும் கொஞ்ச நாள் அவர் ஒருத்திக்குப் புருஷனாக இருக்கட்டும்.

உங்கள் மருமகள்
நோக்வேசி